மேம்பாலத்தில் வண்டி பின்னால் உருள்கிறது, வீட்டு ரேம்ப்பில் ஏற மறுக்கிறது: மேனுவல் கார் ஓட்டும் புதியவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சுருக்கிக்கொள்கிறேன். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கையில் மேனுவல் வேகன் ஆர், வீடு வேளச்சேரியில். நேரான சாலையில் பயமில்லை. மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நெரிசலில் நின்றுவிட்டால் வண்டி பின்னால் உருள்கிறது, இல்லாவிட்டால் ஆஃப் ஆகிவிடுகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைத் தூக்கிக் கட்டியதால் கேட் வாசலில் செங்குத்தான ரேம்ப். ஒடுக்கமான தெருவிலிருந்து அதில் ரிவர்ஸில் ஏற்ற வரவில்லை. மே மாதம் பிள்ளைகளோடு ஏற்காடு போகத் திட்டம். "பேசாமல் இதை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கிவிடட்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

விற்க வேண்டாம் சகோதரி. சேலத்தில் பதினான்கு வருடம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று கஷ்டமும் ஒரே கஷ்டம்தான். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது உங்கள் இடது காலுக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் நீங்கள் இல்லை. பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். நெரிசலில் வண்டி திணறும்போதெல்லாம் அவர் கால் உங்களுக்குத் தெரியாமல் கிளட்ச்சை மிதித்திருக்கும். நானே அப்படிச் செய்திருக்கிறேன். பின்னால் பஸ் நிற்கும்போது மாணவர் பதறிவிடக் கூடாது என்று நினைத்துத்தான் செய்தேன். அந்த உதவியால் அவர் கற்க வேண்டியதைக் கற்காமல் போனார் என்பது பிறகுதான் உறைத்தது. ஆகவே ஸ்டியரிங் உங்களுக்கு வந்துவிட்டது, கிளட்ச் வரவில்லை.

முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள். கிளட்ச்சை அடிவரை மிதித்த நிலையில் இடது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டிருந்தால் சீட் பின்னால் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் கிளட்ச்சை அரை விரல்கடை விட யாராலும் முடியாது. தடித்த குதிகால் செருப்பு வேண்டாம். பாதத்துக்கு பெடல் தெரிய வேண்டும்.

இப்போது பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆள் நடமாட்டமில்லாத சமதளமான இடத்துக்குப் போங்கள். பக்கத்தில் ஓட்டத் தெரிந்த ஒருவர் உட்காரட்டும். கத்தாத ஆளாக இருக்கட்டும். வண்டியை ஸ்டார்ட் செய்து, கிளட்ச் முழுதாக மிதித்து, முதல் கியர் போட்டு, வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடவே கூடாது. குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கிளட்ச்சை மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும், ஸ்டியரிங்கில் ஒரு சிறு அதிர்வு வரும், பானட் லேசாக நிமிரும். அதுதான் பிடிக்கிற இடம். அங்கேயே காலை நிறுத்துங்கள். வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வினாடி அப்படியே வைத்திருந்து, பிறகு மிச்சக் கிளட்ச்சை விடுங்கள். ஆக்ஸிலரேட்டர் இல்லாமலே மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும். கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதித்து நிறுத்துங்கள். மறுபடி அதையே செய்யுங்கள்.

இதை ஐம்பது முறை செய்யச் சொல்வேன். ஒரே நாளில் வேண்டாம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், மூன்று நாள் போதும். முதல் கியரில் கை வந்ததும் ரிவர்ஸிலும் இதே பயிற்சி. பத்தாவது முறைக்குள் ஐந்தாறு தடவை ஆஃப் ஆகும். ஆகட்டும், அதனால் வண்டிக்கு ஒன்றும் கெட்டுவிடாது. ஆஃப் ஆனால் பிரேக்கை அழுத்து, கிளட்ச்சை மிதி, சாவியைத் திருப்பு. இந்த மூன்றும் யோசிக்காமல் வரும் அளவுக்குப் பழகிவிட்டால் சிக்னலில் பின்னால் எத்தனை ஹாரன் கேட்டாலும் கை நடுங்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் காலுக்கும் சுலபம். சும்மா நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று சுற்றுகிறது. சக்கரமோ அசையாமல் இருக்கிறது. சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் டக்கென்று சேர்த்தால் எஞ்சின் நின்றுபோகும். கிளட்ச் பிளேட் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் பிடித்து, சக்கரத்துக்கு வேகம் வர அவகாசம் தருகிறது. அந்த வழுக்கும் நிலைதான் ஹாஃப் கிளட்ச், அதாவது பாதிக் கிளட்ச். வண்டியைக் கிளப்பவும் மெல்ல நகர்த்தவும் அது வேண்டும். ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தி வைக்க அதைப் பயன்படுத்தினால் பிளேட் சூடாகித் தேயும், கருகல் வாடை வரும். நிறுத்தி வைக்க பிரேக் இருக்கிறது.

அடுத்து மேம்பாலம். ஏற்றத்தில் நின்று, பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பதை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 15-வது விதியே ஓட்டுநர் தேர்வின் ஒரு பகுதியாகச் சொல்கிறது. என் அனுபவத்தில் தேர்வுக்காக 8 வடிவமும் H வடிவமும் போட்டுக் காட்டப் பழகும் அளவுக்கு யாரும் இதைப் பழகுவதில்லை.

புதியவருக்கு ஹேண்ட் பிரேக் முறைதான் சரி. அது கற்றுக்குட்டி வேலை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். முப்பது வருடம் லாரி ஓட்டியவர்களும் செங்குத்தான இடத்தில் இதைத்தான் செய்கிறார்கள். நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கால் பிரேக்கை விடுங்கள். வண்டி நிற்கிறதா பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டி இறுக்கிய பிறகுதான் ஏற்றத்தில் பழக வேண்டும். முன்னால் இருக்கும் வண்டி நகரும்போது முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்து, எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளை 1500 அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச்சைப் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் இறங்கும், பானட் நிமிரும், வண்டி முன்னால் போகத் தவிப்பது சீட்டிலேயே தெரியும். அந்தத் தவிப்பு தெரியாமல் ஹேண்ட் பிரேக்கில் கை வைக்காதீர்கள். தெரிந்ததும் இடது காலை அசைக்காமல் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. நகர்ந்த பிறகு கிளட்ச்சை மெல்ல முழுதும் விடுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது கடைசி இடத்தில்தான். ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் "அப்பாடா" என்று இடது காலையும் சேர்த்து விட்டுவிடுவார்கள், வண்டி குலுங்கி ஆஃப் ஆகிவிடும். கை இறங்கும்போது கால் அப்படியே நிற்க வேண்டும்.

அப்படியும் பின்னால் உருண்டால்? பதற்றத்தில் கால் தானாக ஆக்ஸிலரேட்டரைத் தேடும். அது வேண்டாம். பிரேக்கை அழுத்துங்கள், கிளட்ச்சையும் மிதியுங்கள். வண்டி நின்றுவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பின்னால் ஆட்டோ ஒட்டி நிற்கும் என்பதை எதிர்பார்த்தே ஓட்டுங்கள். முன்னால் இருப்பவர் ஒரு முழம் நகரும்போதெல்லாம் நீங்களும் நகர வேண்டியதில்லை. ஒரு கார் நீளம் இடம் விழும்வரை ஹேண்ட் பிரேக்கில் காத்திருங்கள். அந்த இடைவெளியில் பைக்கோ ஆட்டோவோ நுழைந்தால் நுழையட்டும். பத்து முறை எடுப்பதற்குப் பதில் மூன்று முறை எடுத்தாலே பாலம் ஏறிவிடலாம்.

கை பழகிய பிறகு கால் பிரேக்கிலேயே செய்யலாம். பிரேக்கை மிதித்தபடியே கிளட்ச்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, சத்தம் இறங்கியதும் வலது காலை ஆக்ஸிலரேட்டருக்கு மாற்றுவது. சுமாரான சரிவில் இது போதும். சில புது வண்டிகளில் ஹில் ஹோல்டு என்று ஒன்று இருக்கிறது, பிரேக்கை விட்ட பிறகும் இரண்டு வினாடி போல வண்டியைப் பிடித்துக்கொடுக்கும். உங்கள் வண்டியில் இருந்தால் நல்லது. ஆனால் அதை நம்பிப் பழகாதீர்கள், நாளைக்கு அண்ணன் வண்டியை எடுக்க வேண்டி வரும்.

வீட்டு ரேம்ப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அங்கேதான் அதிகமான உரசல் விழுகிறது, அங்கேதான் குழந்தைகளும் விளையாடுகிறார்கள்.

ரிவர்ஸில் ஏற்றி நிறுத்துவது என்ற உங்கள் முடிவு சரியானது. காலையில் அவசரமாகக் கிளம்பும்போது முகம் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். ரிவர்ஸில் தெருவுக்கு வந்தால், வருகிற பைக்கை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே உங்கள் டிக்கி பாதித் தெருவில் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. வேகன் ஆர் முன்சக்கரம் இழுக்கும் வண்டி. முகம் மேலே பார்க்க ஏறும்போது எடை பின்னால் சாய்ந்து முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். மழை நாளில் டைல்ஸ் ஒட்டிய ரேம்ப்பில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிவர்ஸில் ஏறும்போது எடை முன்சக்கரத்தின் மேலேயே விழுகிறது, பிடிப்பு கூடுகிறது. ரேம்ப்பில் டைல்ஸ் ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டுக் குறுக்குக்கோடு போட்ட சிமென்ட் பூசச் சொல்லுங்கள்.

ஏற்றுவதற்கு முன் இறங்கி வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும். ரிவர்ஸ் கேமரா இருந்தாலும் நடங்கள். டிக்கிக்குக் கீழே குந்தியிருக்கும் இரண்டு வயதுக் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. கேட்டைத் திறக்கும் நபர் குழந்தைகளைத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டு, உங்கள் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

தெருவில் கேட்டைத் தாண்டி முன்னால் போய் நிறுத்துங்கள். தெரு அனுமதிக்கும் அளவுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொண்டால் வளைய இடம் கிடைக்கும். வண்டி முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸ் கியர், இல்லாவிட்டால் கரகரவென்று சத்தம் வரும். விழ மறுத்தால் திணிக்காதீர்கள். நியூட்ரலுக்கு வந்து கிளட்ச்சை ஒருமுறை விட்டு மிதித்துப் போட்டால் விழுந்துவிடும்.

திருப்புவது எப்போது? உங்கள் பின்சக்கரம் கேட் தூணின் பக்கம் வரும்போது. புதியவர்கள் டிக்கியின் மூலையைப் பார்த்தே திருப்புவார்கள். வண்டி வளைவது பின்சக்கரத்தை மையமாகக் கொண்டு. ஆகவே இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பின்சக்கரம் தரையில் படும் இடம் தெரியும்வரை கொஞ்சம் கீழே சாய்த்துக்கொள்ளுங்கள், ஏற்றி முடித்ததும் பழையபடி வைத்துவிடுங்கள். வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஸ்டியரிங்கைச் சுற்றுங்கள். நின்ற இடத்தில் முறுக்கினால் டயரும் தேயும், கையும் வலிக்கும். கால் மட்டும் மெதுவாக, கை வேகமாக.

பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் முன்மூலை எதிர்ப்பக்கம் வீசி வரும். பின்பக்கம் இடதுபுறம் நுழைந்தால் வலது முன்மூலை எதிர்வீட்டுச் சுவர் நோக்கிப் போகும். நான் பார்த்த உரசல்களில் அதிகம் இந்த முன்மூலையில்தான். பின்னால் மூன்று பார்வை என்றால் முன்னால் ஒரு பார்வை.

வண்டி ரேம்ப்புக்கு நேராக வந்துவிட்டதா? அங்கே நிறுத்துங்கள். வளைந்துகொண்டே ஏற்றாதீர்கள். வளைப்பது ஒரு வேலை, ஏற்றுவது வேறு வேலை. ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை நேராக்கி, மூச்சு விட்டுக்கொண்டு, மேம்பாலத்தில் செய்ததையே ரிவர்ஸில் செய்யுங்கள். முள் 1500, பிடிக்கிற இடம், வண்டி பின்னால் தவிக்கிறதா, ஹேண்ட் பிரேக் கீழே. ஏறும் வேகத்தைக் கிளட்ச்சால்தான் அடக்க வேண்டும். பின்சக்கரம் மேலே சமதளத்தைத் தொடும் இடத்தில் எதிர்ப்பு சட்டென்று குறைந்து வண்டி பின்னால் பாயப் பார்க்கும். அதற்கு ஒரு அடி முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கின் மேல் வைத்துவிடுங்கள். போர்டிகோ பின்சுவரில் இடிப்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் நடப்பதுதான். தரையில், பின்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டையைப் பதித்து வைத்தால் மனசுக்கும் நிம்மதி.

மால் பார்க்கிங், இரண்டு வண்டிக்கு நடுவில் நுழைவது எல்லாம் இதே கணக்குதான், சரிவு இல்லாததால் இன்னும் சுலபம். சந்தேகம் வந்தால் முன்னால் போய் மறுபடி நேராக்கிக்கொள்ளுங்கள். நாலு தடவை முன்னும் பின்னும் போனால் அவமானம் ஒன்றுமில்லை. அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து மேலே வரும்போது முன்வண்டி வாயிலில் டிக்கெட்டுக்காக நிற்கும் என்று நினைத்து, அது ஏறி முடியும்வரை கீழே சமதளத்திலேயே காத்திருங்கள்.

ஏற்காட்டுக்கு வருவோம். சேலம் அடிவாரத்திலிருந்து போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70, வால்பாறையின் 40 வளைவுகளோடு ஒப்பிட்டால் முதல் மலைக்கு இது நல்ல தேர்வு. ஏறுவதை எண்ணித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு இறங்குவதைப் பற்றித்தான் கவலை.

ஏறும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது போதும், ஆள் நிறைய இருந்து வண்டி திணறினால் முதலாவது. வளைவின் நடுவில் கியர் மாற்றப் போனால் அங்கேயே ஆஃப் ஆகும். திரும்பும் முன் ஹாரன் அடியுங்கள், உங்கள் பக்கத்திலேயே வளையுங்கள். மேலிருந்து பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே ஒதுங்கி நில்லுங்கள், பஸ் திரும்ப முழு வளைவும் வேண்டும். மற்றபடி மலைச்சாலையில் ஏறி வருபவருக்கே முன்னுரிமை என்பது விதி. திரும்பி வரும்போது அந்த இடத்தை நீங்கள் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும்.

இறங்கும்போது, ஏற எந்த கியர் வேண்டியிருந்ததோ அதே கியர். இரண்டாவதில் போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். கிளட்ச்சின் மேல் கால் வேண்டாம், அதை மிதித்த நொடியே அந்தப் பிடி போய்விடும். நியூட்ரலில் விட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று வீட்டில் ஒரு பெரியவராவது சொல்வார். மரியாதையோடு கேட்டுக்கொண்டு செய்யாமல் இருங்கள். பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் அது 800 சுற்றைக் காப்பாற்றக் குடித்துக்கொண்டிருக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

பிரேக்கை விடாமல் லேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். சூடேறிப் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். வேகம் கூடினால் நன்றாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரம்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும்.

சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கோடு கியரும் போட வேண்டும். முகம் மேலே பார்த்தால் முதல் கியர், கீழே பார்த்தால் ரிவர்ஸ். சக்கரத்துக்குக் கல் வைத்தால் கிளம்பும்போது அதை எடுத்து ஓரத்தில் போடுங்கள். சாலையில் விட்டுப்போன கல்லில் ஏறி பைக்கோடு விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதல் வாரம் சமதளம். அடுத்த இரண்டு வாரம் காலை ஆறு மணிக்கு, வேறு வண்டி வராத ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது. நான்காவது வாரம் வீட்டு ரேம்ப். ஐந்தாவது வாரம் நெரிசல் நேரத்தில் மேம்பாலம். ஏற்காட்டுக்கு வார இறுதியில் வராமல் ஒரு செவ்வாய் புதனில் வாருங்கள். முந்தைய இரவு சேலத்தில் தங்கி, விடிந்ததும் கிளம்பினால் பஸ்களும் டூரிஸ்ட் வேன்களும் ஏறுவதற்குள் நீங்கள் மேலே காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள். மாலை நான்கு மணிக்கு முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.